பதினொரு வாசல்

மாலோட்டி மலையில், கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில்
பன்னிரண்டு பேர்.
ஒருவன் சளியில் காசநோய்.
மற்றப் பதினொரு வாசலுக்கும்
மட்டக்குதிரையில் போய்ச் சொன்னேன்:
உங்களோடு ஒரே கூரைக் காற்றில் நின்ற ஒருவருக்கு.
யாருக்கு என்றார்கள்.
ஒருவருக்கு என்றேன்.

பெயர் இல்லாமல் ஊருக்குத் தூக்கம் வராது.
வியாழனுக்குள் ஒன்று கிடைத்துவிட்டது:
லெபுசோ.
சுரங்கத்தில் இருபது வருடம் விழுங்கிய தூசியை
இன்னும் இருமிக்கொண்டிருப்பவர்.
பரிசோதனையில் அவருக்கு ஒன்றுமில்லை.
அதையும் நான் சொல்லக் கூடாது.
வெள்ளியன்று அவர் தட்டைத் தனியே வைத்தார்கள்,
சனியன்று கத்தரியை.

அவர் இல்லை என்று வாயெடுத்தேன்.
ஒரு இல்லை சொன்னால்
அடுத்ததைக் கேட்பார்கள், அதற்கும் அடுத்ததை;
பதினொரு இல்லை தீர்கிற இடத்தில்
அவன் நிற்பான்,
மனைவியிடம் இன்னும் சொல்லாதவன்.

ஞாயிறு. தேவாலயம் விடும் நேரம்.
லெபுசோவின் கல்சுவரோரம் உட்கார்ந்தேன்,
முகக்கவசம் பையில்.
புளித்த மொதோஹோக் கூழ் தந்தார், ஒரே கிண்ணம்.
அவர் குடித்த பக்கத்திலேயே குடித்தேன்.
ஊர் நின்று பார்த்துப் போனது.

திங்களன்று அவர் கத்தரி பழைய ஆணிக்குத் திரும்பியது.
பன்னிரண்டு பதினொன்றாயிற்று.
பதிவேட்டில் ஒரு கட்டம்:
ரகசியம் காக்கப்பட்டதா?
பேனா மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரைக்குப் பின்கதவால் வந்தவன்
ஒன்றும் கேட்கவில்லை.
போகிற வழியில்
என் குதிரையின் தளர்ந்த சேணவாரை
இழுத்துக் கட்டிவிட்டுப் போனான்.