மூன்றாம் கை

சோளம் வெடிக்கக் கூடாது.
அரைவேக்காட்டில் இறக்கிச் சாக்கில் பரப்பி
ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பார்ப்பேன்.
உள்ளே வெள்ளையாய் ஒரு புள்ளி மிஞ்ச வேண்டும்.
குழைந்துவிட்டால்
அதைத் தின்ன வருவது காளான் இல்லை.

குடியாத்தம் நெல்லூர்ப்பேட்டையில்
லுங்கித் தறி ஓடிய கூடம் இது.
தறிக்குழியை மூடிய சிமெண்டின்மேல்
குக்கர் உட்கார்ந்திருக்கிறது.
இரண்டு மணி நேரம் ஆவி.
"மே மாசத்துல வெளிய வெச்சாலே வெந்துடும்" என்பாள் ஜபீனா
சிரிக்காமல்,
சுண்ணாம்புத் தூளைக் கலந்தபடி.

வருகிறவர்கள் எல்லாரும் விதை என்றே கேட்கிறார்கள்.
விதைக்குத் தூங்கத் தெரியும்.
இது தின்றுகொண்டே இருக்கிற நூல்.
எதைத் தின்னக் கொடுத்து அனுப்புகிறோம்
என்பதுதான் என் தொழில்.

சோளத்தில் ஏற்றினால் வேகம்.
வைக்கோல்மேல் தூவினால்
நூறு இடத்தில் ஒரே சமயம் பற்றும்.
ஆனால் எலிக்கும் அது சோளம்தான்.
மரத்தூளில் ஏற்றியது மந்தம்,
ஒரு மாதம் இழுக்கும்,
ருசி இல்லாததால் திருடர் வருவதில்லை.
தீப்பெட்டிக் கம்பெனியில் கழித்த குச்சிகளை
எடைக்கு வாங்கி, ஊறவைத்து,
ஒரு தரம் அதிலும் ஏற்றினேன்.
மருந்து காணாத குச்சி.
பையின் நடுவே ஒரே குத்து:
ஓதம் ஏறுகிற சுவர் மாதிரி
உள்ளிருந்தே வெளுத்துக்கொண்டு வந்தது.
"இன்னாம்மா, குச்சி விக்கிற?" என்றார்கள்.
விட்டுவிட்டேன்.
திரவ வித்து என்று ஒன்று உண்டு,
சர்க்கரைத் தண்ணீருக்குள் ஒரு மேகம்,
ஊசியில் ஐந்து மில்லி போதும்.
கெட்டது புகுந்தாலும் அதே மேகம்தான்,
கண்ணுக்குத் தெரியாது.
அதற்குப் பயந்து அதையும் விட்டேன்.

அதற்கு மட்டும் பயந்தேன்.

தாய் வித்து வாங்கக் கோயம்புத்தூர் போக வேண்டும்.
மார்ச்சில் போகவில்லை.
பையிலிருந்து பைக்கு,
அந்தப் பையிலிருந்து அடுத்த பைக்கு.
மூன்று கைக்குமேல் மாற்றினால் நூல் அசதியாகும்.
ஏழாவது கையும் பார்ப்பதற்கு வெள்ளைதான்.
லேபிளில் மூன்று என்று எழுதினேன்.
பேனா நன்றாகவே எழுதியது.

ஒடுகத்தூரிலிருந்து தனகோட்டி
டிவிஎஸ்ஸில் ஒரு படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.
பால்காளான் எழும்ப வேண்டிய இடமெல்லாம்
பாசிப்பச்சை.
"நாப்பதும் இப்பிடித்தாம்மா கீது."
வாசலிலேயே நின்றார்,
செருப்போடு உள்ளே வந்தால் கிருமி வரும் என்று
நான்தான் சொல்லித் தந்திருந்தேன்.
"தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டனா?"

பஞ்சு மூடியைத் திருகிக்கொண்டிருந்த ஜபீனா
கையை நிறுத்தினாள்.
நான் சொன்னேன்:
"வைக்கோல் சரியா வேகல போல."

அவர் தலையாட்டினார்.
தன் வைக்கோலை, தன் அண்டாவை,
அடுப்பு தள்ளிய தன் மனைவியை
அங்கேயே நின்று ஒவ்வொன்றாய்ச் சந்தேகப்பட்டதைப் பார்த்தேன்.

அலமாரியின் கடைசித் தட்டில்
யாரும் கேட்காத மரத்தூள் பைகள் எட்டு இருந்தன.
ஜனவரியில் ஏற்றியது. உண்மையாகவே இரண்டாம் கை.
எட்டையும் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.
அவர் கும்பிட்டார்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
ஜபீனா அன்று சாயங்காலம்
என்னோடு டீ குடிக்காமல் கிளம்பினாள்.

பதினாறாம் நாள் போன்.
"மெதுவாத்தான் ஏறுது, ஆனா பச்சை இல்ல.
இந்தத் தபா வைக்கோல நல்லா வேகவெச்சேம்மா,
நீ சொன்ன மாதிரியே."

குக்கர் விசில் அடித்தது.
கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றேன்.
மறுபடியும் சொன்னார்.