வியாழக்கிழமை விளக்கு

கெமி நகரில் மூன்று பட்டறை ஏறி இறங்கிவிட்டு
நாலாவதாக என்னிடம் வந்தார் ஹெல்வி.
"வண்டியில் ஒன்றுமில்லையாம்.
எனக்குத்தான் என்னவோ தெரிகிறதாம்."
சாவியை மேசைமேல் வைத்தார்.
வைத்ததில் கொஞ்சம் சத்தம் இருந்தது.

மஞ்சளாக ஏபிஎஸ், பக்கத்தில் சிவப்பாக பிரேக்.
சேர்ந்தே எரியுமாம், சேர்ந்தே அணையுமாம்,
சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி
விருந்தாளி வந்ததும் சிரிப்பதுபோல.

ஸ்கேனரைச் செருகினேன்.
பின் வலச் சக்கரம், வேக சென்சார், இணைப்பு அறுந்தது,
இப்போது இல்லை
என்றது திரை.
"இப்போது இல்லை"யை வைத்துக்கொண்டு
யாருக்கு என்ன பில் போடுவது?

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினேன்.
மீட்டரில் ஆயிரத்து நூற்றுப் பத்து ஓம்,
மேனுவலில் போட்ட எண் அச்சு அசலாக.
கனெக்டரைப் பிரித்தேன். உப்பு பூத்திருந்தது.
இந்த ஊர் சாலையில் எதில்தான் பூக்கவில்லை?
துடைத்தேன், மாட்டினேன்,
காகித ஆலை வரை ஓட்டினேன், பனியில் வேண்டுமென்றே சறுக்கி.
கண்ணே திறக்கவில்லை விளக்கு.
டாக்டர் வாசலில் நின்றுபோகும் பல்வலி.

அப்போதுதான் ஹெல்வி அந்த நோட்டை எடுத்தார்,
மூன்று பட்டறையும் கை நீட்டி வாங்காத நோட்டு.
தேதி. மணி. குளிர்.
வியாழன், 6.50, மைனஸ் பதினெட்டு.
வியாழன், 6.48, மைனஸ் நாலு.
செவ்வாய். பிறகு வியாழன், வியாழன்.

"செவ்வாய் எப்படி வந்தது?"
"அந்த வாரம் முறை மாறிவிட்டது.
தங்கை கணவர் வெய்க்கோவுக்கு டயாலிசிஸ்.
மற்ற நாள் டாக்ஸி, வியாழன் நான்."
"எங்கே உட்காருவார்?"
"பின்னால், வலப்பக்கம்.
அவர் உடம்புக்கு முன் சீட் பற்றாது."

அடுத்த வியாழன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்
இருவரும் வந்தார்கள்.
வெய்க்கோ: ஐஸ் உடைக்கும் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்,
நூற்றிருபது கிலோ.
"அசையாமல் உட்காருங்கள்" என்றேன்.
"அதில்தானே எனக்கு நல்ல பழக்கம்."

குழிக்குள் இறங்கினேன், மீட்டரைக் கவ்வவிட்டு.
ஆயிரத்து நூற்றுப் பத்து.
அவர் சாய்ந்தார், ஸ்பிரிங் முனகியது,
எண் ஓடிப்போனது.
"எரியுது!" என்றார் ஹெல்வி,
லாட்டரி அடித்த குரலில்.

ஒயர் நெடுக விரலால் தடவிப் போனேன்.
ஷாக் அப்சார்பர் மாற்றிய எவனோ
கிளிப்பைக் கோணலாகக் குத்தியிருந்தான்.
வண்டி தாழும்போதெல்லாம் ஒயர் இழுபட்டு இழுபட்டு
மேலே ரப்பர் முழுசு, உள்ளே செம்பு இற்று
தொட்டும் தொடாமலும்.

மேலிருந்து வெய்க்கோ கேட்டார்:
"அப்போ கோளாறு நான்தானா?"
"நீங்கள் சாட்சி" என்றேன், குழிக்குள்ளிருந்தே.

அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வண்டி திரும்பி வந்தது.
வெட்டினேன், சால்டர் வைத்தேன், உறை சுருக்கினேன்,
கிளிப்பை நிமிர்த்தினேன். நாற்பது நிமிஷம்.
வேலை முடிந்ததென்று சொல்ல வாயெடுத்தபோது
ஹெல்வி நோட்டைத் திருப்பிக் காட்டினார்:
போகும்போது மட்டும்தான் எரிந்திருக்கிறது.
திரும்பும்போது ஒரு தடவைகூட இல்லை.

"மதியம் குளிர் குறையும், ஒயர் இளகும்" என்றேன்.
"வெய்க்கோ வேறு சொல்கிறார்.
மூன்று லிட்டர் தண்ணீரை எடுத்துவிடுகிறார்களே,
வண்டிக்குத் தெரியாதா என்கிறார்."

மூன்று கிலோவை ஒரு ஸ்பிரிங் கண்டுகொள்ளாது.
அப்படித்தான் படித்திருக்கிறேன்.
ஆனால் அந்த ஒயர் மயிரிழையில் நின்றது.
அது என்ன படித்ததோ.

எப்படியானாலும் அன்று சோதித்துப் பயனில்லை.
தண்ணீர் வடிந்த வெய்க்கோ உட்கார்ந்தால்
பழுதான ஒயரும் நல்ல ஒயர்தான்.
ஒரு வாரம் பொறுங்கள் என்றேன்.

வியாழன் ஏழு மணிக்குப் போன்.
"எரியவில்லை."
பின்னால் வெய்க்கோவின் குரல்: "நிறையத்தான் இருக்கிறேன், சொல்லு!"

எத்தனை வியாழன் எரியாமல் இருந்தால்
எரியாது என்று எழுதலாம்?
எனக்குத் தெரியாது. பில்லை அனுப்பவில்லை இன்னும்.
ஹெல்வி நோட்டில் அதையும் குறித்துக்கொள்கிறாராம்:
மணி, குளிர்,
ஒரு சின்னக் கோடு.