மூன்று மில்லிமீற்றர்

ஏறாவூர் ஆதம்லெவ்வை வாயைத் திறந்தபோது
முதலில் தெரிந்தது குவைத்.
லொறி ஓடிய பதினொரு வருடத்தில்
ஊருக்கு அனுப்பாமல் தனக்கென்று வைத்த ஒரேயொரு பவுண்:
கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிக்கு முந்திய பல்.

அதற்கு நேரே, கன்னத்தின் உட்பக்கம்
ஒரு புண்.
புளியங்கொட்டை அளவு. பல்லை அச்செடுத்த மாதிரி.
நாக்கின் அடியில் இருக்கிற கட்டிக்கும் அதற்கும்
ஒரு சம்பந்தமும் இல்லை.

"சோறு வெச்சா மொளகா பூசின மாதிரி புள்ள.
தயிரும் எரியிது."

நான் டொக்டர் இல்லை.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில், ஆளுயரத்துக்குத் தடித்த சுவருக்குள்
கதிரை அளக்கிறவள்.
விடியப்புறம், ஆட்கள் வருமுன்,
கட்டிலில் ஒரு தண்ணீர்ப் பெட்டியைக் கிடத்தி
அதற்குத்தான் முதல் வைத்தியம் பார்ப்பேன்.
தண்ணீர் ஒருநாளும் எரியுதென்று சொன்னதில்லை.

மோதிரத்தைக் கழற்றுங்கள், தோட்டைக் கழற்றுங்கள்,
கொடியைக் கூட வந்தவரிடம் கொடுங்கள் என்று
வாசலில் ஒட்டியிருக்கிறோம்.
பல்லை எழுத மறந்துபோனோம்.

பவுண் கனத்த சாமான்.
கதிர் வந்து முட்டினால் சும்மா வழிவிடாது,
எலெக்ட்ரோன்களை அள்ளிப் பக்கத்தில் எறியும்.
பெரிய தூரமில்லை. மூன்று மில்லிமீற்றர்.
அந்த மூன்றுக்குள்
அவருடைய கன்னம் இருந்தது.

பல் டொக்டரிடம் ஓடிப்போய்
இளஞ்சிவப்பு மெழுகு ஒரு துண்டு வாங்கிவந்தேன்.
வெந்நீரில் இளக்கிப் பல்லுக்கு ஒரு சட்டை.
இனி எறிவதெல்லாம் மெழுகில் விழட்டும்.

அன்றிரவு கல்லடியில் கரண்ட் போயிற்று.
போன் வெளிச்சத்தில் வாசித்த கட்டுரையில்
அதே குற்றம், வேறு தீர்ப்பு.

பவுணை ஐம்பது நனோமீற்றர் மணிகளாக்கிக்
கட்டிக்குள் அனுப்புகிறார்கள்.
அதே கதிர். அதே முரட்டுக் குணம்.
ஆனால் புண்
விழவேண்டிய இடத்தில் விழுகிறது.
கலத்துக்குள்ளேயே, நூலேணி மாதிரி முறுக்கிக் கிடக்கிறதே,
அதன் படிகளில்.

எலிகளில். எங்கோ ஒரு ஆய்வுகூடத்தில்.
எங்கள் மெசினைப் போல ஆறு மெகாவோல்ட் என்றால்
இலாபம் குறைவு என்று அடியில் பொடி எழுத்து.
பொடி எழுத்தை நான் தாண்டுவதில்லை,
சம்பளமே அதற்குத்தான்.

மறுநாள் அவரிடம் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாதோ, தெரியாது.

"அப்ப இந்தப் பல்லக் கழட்டி அரைச்சு
உள்ளுக்குப் போடுங்களன்!"
சிரித்தார். சிரிக்கவும் எரிந்தது.

அம்மியில் அரைபடாது காக்கா.
சிட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன்:
இரண்டு கிராம் பவுண் என்று வைத்தால்
பதினாறு கோடி கோடி மணி.

கோடியை அவர் விரலில் எண்ணப் பார்த்து விட்டுவிட்டார்.
"அத்தனைக்கும் ஆரு புள்ள ஸக்காத் கணக்குப் பாக்கிற?"

மறுகா குரலை இறக்கி,
"எங்கட ஊருக்கு எப்ப வரும்?"

அளக்கத் தெரிந்தவளுக்கு
ஊகிக்கத் தெரியவேண்டும் என்று இல்லையே.
மெழுகைப் பல்லில் மாட்டினேன்.
வலை முகமூடியை ஐந்து இடத்தில் பூட்டினேன்.
அதற்குள்ளிருந்து கண் மட்டும்
பதிலுக்குக் காத்துக் கிடந்தது.

கதவு கனம். மூட நேரமெடுக்கும்.
அந்த நேரம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்துமூன்றில் இன்று இருபத்தெட்டு.
கன்னம் ஆறிவருகிறது. நேற்றுச் சோறு தின்றாராம்,
மீன் ஆணத்தோடு, கொஞ்சம் உறைப்போடு.
கட்டியைப் பற்றி
இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

போகும்போது மெழுகைக் கட்டிலில் மறந்துவிட்டுப் போனார்.
எடுத்துக்கொண்டு ஓடினேன்.
ஏறாவூர் பஸ் புறப்பட்டுவிட்டது.
ஜன்னலில் அவர், யாரோடோ கதைத்துக்கொண்டு,
வாய் நிறையப் பல்லோடு.