சரத்து பதிமூன்று

நாளைக்குத் தொலைதூரக் கல்வித் தேர்வு.
மேல்சோலைக் கூட்டத்துக்குப் போகிற ஜீப்பில்
படித்துக்கொண்டே ஏறினேன் ஏற்காட்டுக்கு.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து, ஹோப்வெல்:
செரோக்கியருக்கும் அமெரிக்க அரசுக்கும்
முதல் உடன்படிக்கை.
கோடரி என்றென்றும் புதைக்கப்படும்.
ஏழாவது கொண்டை ஊசி வளைவில் மூடிவிட்டேன்.
வயிறு புரட்டியது.

பள்ளிக்கூட வராந்தாவில் ஜமுக்காளம்.
வனத்துறை ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்.
வட்டாட்சியர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்,
எழுதியதை அவர்கள் பேச்சில் திருப்பிச் சொன்னேன்.
அனுபோக உரிமை என்றால் என்னவென்று
யாரும் கேட்கவில்லை.
நல்லவேளை, எனக்கும் தெரியாது.
சால்வை போட்டோம். பலாப்பழம் கொடுத்தார்கள்.
(அங்கே வெள்ளிப் பதக்கம், சிவப்புத் துணி.
நாலு மதிப்பெண் வினா.)

சடைச்சி மட்டும் கைநாட்டு வைக்கவில்லை.
"என்னைக்கும்னு எழுதியிருக்கியே தம்பி,
அது எத்தனை வருசம்?"
வட்டாட்சியர் சிரித்தார்.
நான் பேனா மூடியைக் கடித்தேன்.
கோடரியைப் புதைத்த ஆறாம் வருடம்
இன்னோர் உடன்படிக்கை.
அதற்கு ஏழு வருடம் கழித்து இன்னொன்று.
ஒவ்வொரு முறையும் எல்லைக்கோடு
அவர்கள் வீட்டுப் பக்கமாகவே நகர்ந்தது.

"படி ஒண்ணு குடு. படி கைக்கு வந்தா கைநாட்டு."
கரண்ட் இல்லை. மலையில் இருந்த ஒரே ஜெராக்ஸ் கடை
பூட்டிக் கிடந்தது.
"சேலத்தில் எடுத்து அனுப்பி வைக்கிறோம் அம்மா."
"போன வாட்டியும் இதான் சொன்னீங்க."

கோப்பை எடுத்து இடுக்கிக்கொண்டாள்.
நேராகப் போய்
ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.
வட்டாட்சியர் பின்னால், என்னோடு முட்டி இடிக்க,
காலுக்கிடையில் பலாப்பழம்.

இறக்கத்தில் மறுபடி பிரித்தேன்.
சரத்து பன்னிரண்டு:
அவர்கள் விரும்பும்போதெல்லாம்
தாங்களே தேர்ந்த ஆள் ஒருவரை
காங்கிரஸ் சபைக்கு அனுப்பிக்கொள்ளலாம்.
அந்த நாற்காலி இன்னும் காலிதானாம்.
சவுக்கு மரங்களுக்கிடையில் பனி.
அவள் தலை ஒரு வளைவுக்கும் சாயவில்லை.

கலெக்டர் ஆபீஸ் எதிரே கடைக்காரப் பையன்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எந்தப் பக்கம்க்கா?"
முந்தானை முடிச்சிலிருந்து சில்லறையை எண்ணிக்கொண்டே
சடைச்சி சொன்னாள்,
"ரெண்டு பக்கமும் எடு."