ஏழாவது கட்டம்

பாசிர் ரிஸில் எங்கள் புளோக்குக்குக் கீழே
யாருடையது என்று தெரியாத சேவல் ஒன்று
நாலரைக்கே கூவுகிறது.
நகர மன்றத்துக்குப் புகார் போனது.
நானும் கையெழுத்துப் போட்டேன்.
காரணம் கேட்ட இடத்தில்
தூக்கம் கெடுகிறது என்று எழுதினேன்.
அது பொய்யில்லை.

துவாஸில் அன்று மழை விட்டு அரை மணி நேரம்.
மூன்றாம் அடுக்குச் சாரத்திலிருந்து
செல்லப்பாண்டி விழுந்தான்.
பெல்ட் போட்டிருந்தான். பார்த்தேன்.
கொக்கிதான் துருவேறிக் கிடந்தது.
மாற்றச் சொல்லும் தாள்
இரண்டு மாதமாய் என் மேசையில்.
சோம்பல், வேறொன்றுமில்லை.
யூதாசுக்காவது முப்பது காசு கிடைத்தது.

மேனேஜர் கேட்டார்: பெல்ட் போட்டிருந்தானா?
கவனிக்கலை சார்.
இன்சூரன்ஸ்காரர் கேட்டார்.
இல்லைன்னுதான் நினைக்கிறேன்.
மனிதவள அமைச்சிலிருந்து வந்த பெண்
தமிழிலேயே கேட்டாள்,
அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.
இல்லை, என்றேன்.
படிவத்தில் அது ஏழாவது கட்டம்.
பேனா தடங்காமல் எழுதியது.

தவறு அவனுடையது என்று கோப்பை மூடினார்கள்.
சட்டப்படி வர வேண்டியது வந்ததாம்.
மேற்கொண்டு வழக்காட வழியில்லை.
சக்கர நாற்காலியில் விமானம் ஏறினான்,
கமுதிப் பக்கம் ஏதோ ஒரு ஊருக்கு.
வழியனுப்ப நான் போகவில்லை.
பச்சைத் தடத்தில் ஏறினால்
துவாஸ் ஒரு கோடி, என் வீடு மறு கோடி.
அவ்வளவு தூரமும் அன்று நின்றபடியே வந்தேன்,
இருக்கைகள் காலியாக இருந்தும்.

பெரிய வாரத்தில்
ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோவிலில்
பாவசங்கீர்த்தனத் தொட்டி முன்னால் முழங்காலிட்டேன்.
நாலு நம்பர் எடுத்தேன் சாமி.
மனைவியை ஏசினேன்.
வெள்ளிக்கிழமை மறந்துபோய்க் கறி தின்றேன்.
சில்லறையாய் எண்ணி எண்ணி வைத்தேன்.
பெரிய நோட்டு உள்பாக்கெட்டிலேயே இருந்தது.
வலைக்கு அப்பால் சாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
வேற ஏதாவது இருக்காப்பா?
இல்லை சாமி.

பேதுரு மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

நடுச்சாமப் பூசையில் மெழுகுவத்திகள் ஏற்றி
எல்லாரும் நற்கருணைக்கு எழுந்தபோது
காலணி நாடாவைக் கட்டுகிறவன்போல் குனிந்திருந்தேன்.
என்னைத் தாண்டிப்போன கால்களில்
ஒன்றுகூட நொண்டவில்லை.

காலை எட்டு மணிக்குப் போன்.
அண்ணே, இன்னிக்கு உங்க பண்டிகைதானே?
செல்லப்பாண்டிக்கு அங்கே இன்னும் விடியவில்லை.
சாப்பிட்டீங்களா?
இனிமேதான், என்றேன்.
ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறானாம்.
ஊன்றுகோலுக்கு ரப்பர் அடிக்கடி தேய்கிறதாம்.
மகளுக்குக் காது குத்தினானாம்.
என்னண்ணே பேச்சே இல்லை, சாப்பிட்டீங்களா?

பாண்டி, அந்தத் தாள்ல நான்...
தெரியும்ணே, என்றான்.
தினம் டைம் கார்டுல பார்த்த கையெழுத்து,
தெரியாமப் போகுமா?
அப்பவே தெரியும்.
ஒரு வருசம் உங்களைத் திட்டாத நாளில்லை.

அவன் பக்கம் சேவல் ஒன்று கூவியது.
அங்கேயும்.

அமைச்சுக்கு எழுதப்போறேன்டா.
வேலை போகும். போகட்டும்.
எழுதுங்க, என்றான்.
வேண்டாம் என்பான் என்று எதிர்பார்த்திருந்தேன்,
ஆண்டவரே, அந்த நிமிடத்திலும்.
எழுதுங்கண்ணே. கொக்கியைப் பத்தியும் எழுதுங்க,
இன்னும் பசங்க ஏறுறானுங்கல்ல.
மொதல்ல சாப்பிடுங்க.

விடியற்காலைக் கரையில் கரி மூட்டி,
ராத்திரியெல்லாம் வெறும் வலை இழுத்தவர்களை
வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டவர்
கணக்கைப் பசியாறிய பிறகுதான் கேட்டார்.
கேட்கத்தான் செய்தார்.

மேசையில் நேற்று வாங்கிய பரோட்டா
தோலாய் விறைத்திருந்தது.
பிய்த்தேன்.
போனை வைக்கவில்லை.
நான் மெல்லும் சத்தத்தை
அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.