கன்றிய இடம்

வியாழன் இரவு, உலு பாண்டான் கால்வாயோரம்
சைக்கிள் ஒன்று என் கெண்டைக்காலில் வந்து முட்டியது.
உணவுப் பெட்டி கவிழ்ந்து
யாருடைய லக்சாவோ புல்லில் கொட்டிக்கொண்டது.
பையன் முழங்கையைப் பிடித்தபடி எழுந்து
"சோரிக்கா, சோரி" என்றான், ஜொகூர்ப் பேச்சில்.
நான் கத்திய கத்தலில்
எதிர்க்கரை நீர்நாய்கள்கூடத் தலை தூக்கியிருக்கும்.
அவன் லக்சாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளி காலை: கருஞ்சிவப்பு, உள்ளங்கை அகலம்.
தோலுக்கடியில் குழாய் உடைந்து
வெளியே வந்துவிட்ட சிவப்பணுக்களுக்கு
இனி வீடு திரும்ப வழியில்லை.
உடையும் ஒவ்வொன்றும் ஹீமைக் கொட்டும்.
ஹீம்: நடுவில் ஓர் இரும்பை உட்காரவைத்த வளையம்.
குளோபினின் மடியில் இருக்கும்வரை மூச்சைச் சுமக்கும்.
மடியைவிட்டு இறங்கினால்
தொட்டதையெல்லாம் எரிக்கும்.

என் பிழைப்பே இதுதான்.
புவன விஸ்தாவில் இறங்கி, ஐந்தாம் மாடி, செல் வளர்ப்பு அறை.
பதினோரு வருடமாகத் தட்டுகளில்
பெருவிழுங்கி அணுக்களுக்கு ஆகாரம் மாற்றுகிறேன்.
டாக்டர் குவெக் துரத்துவது ஒரே ஒரு நொதியை,
ஹீம் ஆக்சிஜனேஸ்.

சொன்னால் சின்ன வேலை.
வளையத்தை ஓரிடத்தில் வெட்டித் திறக்கிறது.
பச்சை நிறமி ஒன்று விழும்.
இரும்பு விழும், அதைப் பூட்டிவைக்கப் பெட்டகம் ஒன்று ஓடிவரும்.
அப்புறம் ஒரு சிட்டிகை கார்பன் மோனாக்சைடு,
வண்டிப் புகையில் ஆளைக் கொல்லுமே, அதே வாயு.
இங்கே துளியாய் வந்து
சண்டைக்குக் கிளம்பிய அணுக்களின் காதில்
போதும், உட்கார் என்கிறது.

அந்த மரபணு இல்லாத எலிகளை ஒருமுறை பார்த்தேன்.
கிருமியின் மேலோட்டைத்தான் ஊசியில் ஏற்றினோம்,
உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை.
இல்லாத திருடனைத் தேடிப்போன காவற்படை
வீட்டையே கொளுத்திவிட்டது.
ரோஹானியா அன்று மதியம் சாப்பிடவில்லை.

இந்தச் சமாதானத்தை முழுக்க நம்பவும் முடியாது.
மலேரியாவில் ரத்தம் உடைந்து நொதி பெருகிய நேரம் பார்த்துக்
குடற்கிருமி ஒன்று உள்ளே குடியேறும்,
கைகட்டி நிற்கும் படை.
புற்றுக்கட்டியும் இதைத்
தன் வாசலில் காவலுக்கு வைத்துக்கொள்ளும்.
நல்லதா, கெட்டதா என்று கேட்ட புது மாணவனிடம்
"எத்தனை மணிக்கு?" என்றார் குவெக்
கோப்பி-ஓவை உறிஞ்சிக்கொண்டே.

செவ்வாய்: விளிம்பில் பச்சை.
கழிப்பறையில் காற்சட்டையைச் சுருட்டிப் பார்த்தேன்.
மேசையிலிருந்த சோதனைத் தாளில்
முப்பத்திரண்டாம் எடையருகே ஒரு கறுப்புப் பட்டை.
காலிலும் அதே செய்தி, சாயமேற்றாமல்.
உடம்பு அன்றிரவே வேலையைத் தொடங்கிவிட்டது.
நான்தான் இன்னும் மனத்துக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்;
நல்ல வசைகள் எல்லாம்
நாலைந்து நாள் கழித்துத்தான் தோன்றுகின்றன.

இரண்டாம் ஞாயிறு. விடாத மழை.
தேவநேசன் முர்தபாக் சொல்லியிருந்தார்.
செயலியில் லோகேந்திரன் என்று பெயர் வந்தது,
கம்பிக் கதவுக்கு வெளியே
அவன்.

என்னைத் தெரியவில்லை அவனுக்கு.
தெரிந்தும் இருக்கலாம்.
பையை நீட்டிய கையில், முழங்கைக்குக் கீழே,
நனைந்த சட்டையின் ஓரத்தில்
என் காலிலிருந்த அதே மஞ்சள்,
பச்சை கழிந்து இரண்டு நாளான மஞ்சள்.

பத்து நாளாய் இரண்டு உடம்பிலும்
ஒரே வேலை நடந்திருக்கிறது,
எங்களைக் கேட்காமல்.

"வலிக்குதா?" என்றேன்.
"எதுக்கா?" என்றான்.
அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.