கூப்பிடு தூரம்

மே மாதத்தில் மூன்று ராத்திரி.
கேத்திப் பள்ளத்தாக்கில் வீடு தேடுகிறோம்
புதுப்பாளையத்து மொட்டை மாடியில்
கரண்ட் போன நேரத்தில்.
மூன்று தலை, ஒரு கைபேசி,
பதினெட்டு சதவீதம் சார்ஜ்.

முதல் வீட்டுக்கு ஓட்டுக் கூரை.
ஜன்னலுக்கு வெளியே கேரட் வயல்
படிப்படியாய் இறங்குகிறது.
"இதையே போட்டுடு" என்கிறார் வடிவேலன்.
துணிக்கடையிலும் அப்படித்தான்,
முதலில் விரித்துப் போட்ட சட்டைதான் அவருக்கு.

தன்ஷிகாவுக்கு மரத்தின் மேல் கட்டிய அறை வேண்டும்.
ஏணி உண்டு. குரங்கு வருமாம்.
குரங்குக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்,
நம்மிடம் சொல்ல மாட்டாள்.

மூன்றாவது, ஓடைக்கரையில்.
"நீரோசையில் உறங்குங்கள்" என்று எழுதியிருக்கிறது.
வாடகையும் ஒரு நாளுக்கு இருநூறு குறைவு.

இரண்டு விரலால் படத்தை அகட்டுகிறேன்.
அவர்கள் மலையைப் பார்க்கிறார்கள்.
நான் கட்டிலுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கிறேன்.
சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே
பெயின்ட் நிறம் மாறுகிறதா.
பீரோவின் கால்கள்
தரையில் நிற்கின்றனவா, செங்கல் மேலா.
செங்கல் மேல் நிற்கும் பீரோ
எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

"டூர் போக வீடு பாக்கறியா,
லோன் குடுக்கப் பாக்கறியா?"
அவர் சிரிக்க, மகளும் சிரிக்க,
நானும்தான்.

வீட்டுக்காரருக்கு நானே போன் போட்டேன்.
பெயர் போஜன். குரலில் குளிர் இருந்தது,
அல்லது எனக்கு வியர்த்திருந்தது.
ஓடை எவ்வளவு தூரம் என்றேன்.
"கூப்பிடு தூரம்தாங்க."
யார் கூப்பிட்டா?
அவருக்குப் புரியவில்லை.
பின்பக்கம் மண் சரிவா, பாறையா?
போன ஐப்பசி மழைக்கு
தண்ணி எது வரைக்கும் ஏறிச்சு?

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, வாடகைக்கு விடுகிற குரலைக்
கழற்றி வைத்துவிட்டு,
"கோழிக்கூடு போச்சு" என்றார்.
"ஏழு கோழி. வீட்டுக்குள்ள வரல.
நீங்க எந்த ஊரு?"

கடலூர்.

"அதான் கேக்கறீங்க."

ஆமாங்க. ஒரு டிசம்பர்ல கெடிலம்
எங்க வீட்டுக்குள்ளயே வந்துச்சு.
இடுப்பு வரைக்கும்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது,
ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன்.

அந்த டிசம்பரில் வடிவேலன் மஸ்கட்டில்.
லைன் கிடைத்த ஒரே ராத்திரியில்
"முட்டிக்குக் கீழதான், வடிஞ்சிடுச்சு" என்றேன்.
அப்போது எனக்கு ஏழாம் மாதம்.
வயிற்றுக்குள் இவள் படுத்திருந்த உயரத்துக்கு
வெளியே வந்து நின்றது தண்ணீர்.
உள்ளே ஒரு உதை.
சமையல் மேடை மேல் ஏறி உட்கார்ந்து
மிதந்துபோன டப்பாக்களை எண்ணினேன்,
பருப்பு, புளி, அவருடைய பழைய செருப்பு.
மறு வருஷம் அவர் வருவதற்குள்
பெயின்ட் இரண்டு கோட்.

போஜன் பேசிக்கொண்டேயிருந்தார்.
அக்கா வீடு மேலே இருக்கிறதாம், அறுபது படி.
ஓடை தெரியாது, கேட்கும்.
அந்த வீட்டுக்கு விளம்பரம் கொடுக்கவில்லை,
ஆட்கள் படியைப் பார்த்தே திரும்பிவிடுகிறார்களாம்.
படம் அனுப்புகிறேன் என்றவர்,
"எங்க பசங்க கடல் பாத்ததில்லங்க.
உங்க ஊர்ல எடுக்கிறதா இருந்தா
எவ்வளவு தூரத்துல எடுக்கலாம்?"

மாடியின் கிழக்கு மூலையில் நின்றால்
காற்றில் உப்பு இருக்கிறது.
கண்ணுக்குத் தெரிவது தண்ணீர்த் தொட்டிகள் மட்டும்.
யோசிச்சுச் சொல்றேங்க என்றேன்.
யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கரண்ட் வந்து தெருவிளக்கு எரிந்தது.
"அறுபது படியா!" என்று தன்ஷிகா குதிக்கிறாள்,
குரங்கு அங்கேயும் வருமா என்று கேட்கிறாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.

அக்கா வீட்டுப் படங்கள் வந்து விழுந்தன.
வடிவேலன் கைபேசியை வாங்கிக்கொண்டார்.
மூன்று சதவீதம்.
ஜன்னல், பள்ளத்தாக்கு, மூடுபனி,
எல்லாவற்றையும் தள்ளிவிட்டு
கட்டில் இருக்கும் படத்தில் நின்று
இரண்டு விரலை வைத்து,
மெதுவாக,
பின்சுவரை அகட்டினார்.